ராயபுரத்துல வண்டி நிக்கும்

இன்னிக்கு என் டாக்சியில, கப்பல்ல வந்த ஒரு தொரையும் தொரைசானியும். போர்ச்சுகீஸ்காரன் வாழ்ந்த ஊருங்கன்னு சாந்தோமையும் பழவேற்காட்டையும் ஒரே நாள்ல பாக்கணுமாம்.

முன்சீட்ல அவங்க ஏஜெண்டு. "ராயபுரத்துல நிறுத்தாத. ஒரே மீன் நாத்தம், பாக்க ஒண்ணுமில்ல."

நான் பொறந்த ஊரு. நிறுத்திட்டேன்.

கரையில மீன் ஏலம் நடந்துகினு இருந்துச்சு. தொரைசானி ஆசையா கையத் தூக்கி ஆட்டினாங்க. ஏலத்துல கை தூக்கினா வெல கேட்ட மாதிரி. ஏலக்கார அக்கா, "அம்மாவுக்கே!"ன்னு முடிச்சிட்டாங்க.

தொரைசானி வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. மீன்கூடை வண்டியில ஏறிச்சு.

ஏஜெண்டு மூக்கப் பொத்திகினே, "இனிமே உனக்கு சவாரி கெடையாது"ன்னான்.

"ரெண்டு ஊர்லயும் நீ காட்டுறது கல்லறை நைனா. உசுரோட கீறவங்கள நான் காட்டினேன்"னேன்.

நாளைக்கும் நிறுத்துவேன். மீன் நாத்தம் தாங்காத மூக்கு கீறவன் வேற வண்டி பாத்துக்கட்டும். இன்னான்றீங்க?