தலைக்கு மேல் ஒரு சோடா பேனர்

எனக்கு எழுபது வயது நடக்கிறது. நான்கு பேரைப் பெற்று வளர்த்தேன். ஒருவரையும் அடுத்தவர் வாசலில் கையேந்தி நிற்க விட்டதில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான், எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் கடைக்குட்டி மகளின் பத்து வயதுக் கதையை நானே எழுதுகிறேன்.

சுனாமிக்கு முந்தின வருஷத்து மழை. கொருக்குப்பேட்டையில் எங்கள் ஆஸ்பெட்டாஸ் கூரை நாலு இடத்தில் ஒழுகியது. எங்கள் சந்தில் அதற்கெல்லாம் கொத்தனாரைத் தேடுவதில்லை. ரோட்டில் அவிழ்த்த பழைய பேனரைக் கூரைக்கு அடியில் இழுத்துக் கட்டி, ஒரு மூலையைத் தாழ்த்தி, கீழே வாளி வைத்துவிடுவோம். படம் வீட்டுக்குள் தெரிய வேண்டும், அதுதான் அழகு. பக்கத்து வீட்டுக்காரி சோறு தின்னும்போதெல்லாம் யாரோ ஒரு கல்யாண ஜோடி மேலேயிருந்து அவளைக் கும்பிடும்.

என் வீட்டுக்காரர் கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கியவர். குடியை விட்டு அப்போது நாற்பது நாள் இருக்கும். ஏனோ மெயின் ரோட்டை விட்டு, தண்டவாளத்தோரமாகச் சுற்றி வீட்டுக்கு வருவார். எவனிடமோ சண்டை போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரிய பேனர் ஒன்றைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மெயின் ரோட்டில் புதுசு கட்டியவர் பழையதை அவளிடம் கொடுத்துவிட்டாராம். விரித்தால் தங்கக் கலரில் எழுத்து, பக்கத்தில் ஐஸ் போட்ட கண்ணாடி கிளாஸ், அதில் முத்து முத்தாக வேர்வை. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். ஏதோ ஒரு பேர் சொல்லி, கீழே சோடா என்று எழுதியிருப்பதாகப் படித்தாள். சோடாதானே என்று இரண்டு பேரும் ஸ்டூல் போட்டுக் கட்டினோம். அவர் பாய்க்கு நேர்மேலே வருகிற மாதிரி அவள்தான் பார்த்துப் பார்த்துக் கட்டினாள்.

சாயங்காலம் அவர் வந்து படுத்தார். மேலே பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். சோறு போட்டேன், திரும்பவில்லை. பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. நான் வாசலை மறித்து நின்றுகொண்டேன்.

"நான் தண்டவாளத்துல நடந்து வர்றதே இத்தப் பாக்காம இருக்கத்தான்மே," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "இப்போ என் தலைக்கு மேல வந்து குந்திகினு கீது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருமுனையில் கோலி சோடா விற்கிறவன் ஒரு நாளாவது தனக்கு இவ்வளவு பெரிய படம் போட்டுக்கொண்டானா? பிராந்திக் கம்பெனிக்காரன்தான் சோடா என்று எழுதித் தன் சரக்கின் பேரைக் காட்டுகிறான்.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "சோடா நைனா, நல்லா இல்லியா? ஓணும்னா நாளைக்கு வேற வாங்கியாரேன்" என்றாள். அழுகைக்குக் கிட்டே வந்துவிட்டிருந்தாள்.

அவர் அவளையே பார்த்தார். மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

"நல்லாத்தான் கீது பாப்பா. அடுப்புப் பொகை பட்டா சாயம் பூடும். திருப்பிக் கட்டிடலாம், வா."

கட்டியிருந்த கயிற்றையெல்லாம் அவிழ்த்தார். வெள்ளைப் பக்கம் கீழே வந்தது. அவளைத் தோள்மேல் ஏற்றி, கரித்துண்டைக் கையில் கொடுத்து, ஏதாவது வரையச் சொன்னார். கூட்ஸ் வண்டி வரைந்தாள், பதினொரு பெட்டி. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் குடியில் வழுக்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு தரம் வழுக்கினார், இரண்டு தரமும் எழுந்துகொண்டார். அன்றைக்கு மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

மகள் இன்றைக்கும், சாயம் போய்விடும் என்று அவள் பேனரை நைனா எப்படிப் பத்திரப்படுத்தினார் தெரியுமா என்று பெருமையடிப்பாள். நானும் திருத்தியதில்லை. அவர் போய் ஒரு வருஷமாகிறது. மகள் இப்போது அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

அவள் பெண்ணைக் கூப்பிட்டேன். இந்தாம்மே, ஆயா இன்னா எழுதிக்கீறேன்னு படி. உங்கம்மா காதுல வுழற மாதிரி படி.