சோதனைக் குழாயில் செங்கல் நிறம்

கிருமிகளைக் கொண்டு மனித இன்சுலின் செய்கிறார்கள் என்ற செய்தியைக் கல்லூரி நூலகத்தில் படித்த அன்று, அதைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம் திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழனிடம் ஆரம்பித்தேன். இத்தனை காலமாக மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்த மருந்தைத்தான் உலகமே போட்டுக்கொள்கிறது. இனி ஒரு நுண்கிருமியையே வேலைக்கு வைத்து நம் உடம்பில் சுரப்பது போன்ற மருந்தைச் செய்யவைக்கப் போகிறார்கள். எவ்வளவு பெரிய விஷயம்!

"கிருமியாலதான்டா வியாதியே வருது" என்றான் அவன். "மொதல்ல நீ ஒழுங்கா பத்தியம் இரு." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆக, அவனுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் கடற்கரைத் தெருவுக்கே தெரிந்திருந்தது, நான் வீட்டை ஏமாற்றிவிட்டுத் திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறேன் என்று. நான் தின்னவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு விஷயம் தனக்கு மட்டுமே தெரியும் என்பது எவ்வளவு பெரிய தனிமை என்பதை எண்பதுகளின் தொடக்கத்தில், வேதியியல் படித்துக்கொண்டிருந்த அந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டேன்.

பள்ளிப் படிப்பு முடிந்த கோடையில் எனக்கு இந்த நோய் வந்தது. பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி பானையைத் தேடுவேன். சட்டை தோளில் நிற்காமல் வழுக்கும் அளவுக்கு இளைத்தேன். ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதி என்று சொன்னதும் கரையில் எல்லோரும் சிரித்தார்கள். அது உட்கார்ந்து தின்பவர்களுக்கு வருவது; வலை இழுக்கிற தெருவில், அதுவும் ஓர் எலும்புக்கூட்டுக்கு எப்படி வரும்? எனக்கு 'ஜமீன்' என்று பேர் வைத்தார்கள். "வாங்க ஜமீன், பல்லக்கு எங்க?" என்று வலையைப் பிரித்தபடியே கூப்பிடுவார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது என்றே சொல்வேன். கேலி செய்ய நம் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டுமே.

என் அப்பா கரையில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் வைத்துக் கட்டி, லாரியில் கும்பகோணத்துக்கு அனுப்புபவர். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் பிரிட்ஜ் கிடையாது. முதன்முதலாக இன்சுலின் பாட்டிலைக் கையில் கொடுத்த கம்பவுண்டர், "குளிர்ச்சியா வச்சுக்கங்க, வெயில்ல கெட்டுடும்" என்றார். அப்பா அத்தனை துக்கத்திலும் சிரித்தார். "குளிர்ச்சியா? அதுதான்யா நம்ம பொழப்பே."

வீட்டு மூலையில் உள்ளே தகரம் அடித்த ஒரு சின்ன மரப்பெட்டி வந்தது. தினமும் ஐஸ் கம்பெனியிலிருந்து புதுக் கட்டியாகப் பார்த்து வாங்கி வருவார். சாக்கில் போட்டு நொறுக்கி, மேலே கல்லுப்பைத் தூவுவார். "உப்பு போட்டாத்தான் ஐஸு கடிக்கும்" என்பார். பாட்டிலைப் பாலிதீன் தாளில் சுற்றி, நட்டநடுவில் புதைப்பார். கல்யாண வீட்டுக்குப் போகிற வஞ்சிரத்தைக்கூட அவர் அவ்வளவு பக்குவமாக வைத்து நான் பார்த்ததில்லை. பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதம் ஈரத்தில் ஊறி உரிந்து போய்விடும். உலகத்து ஆராய்ச்சியெல்லாம் தேடிப் படித்த நான் அந்தக் காகிதத்தைப் படித்ததில்லை.

காலையில் கொல்லைப்பக்கம் போய்ச் சோதனை செய்வேன். பெனடிக்ட் கரைசல் நல்ல நீலமாக இருக்கும். அதில் சிறுநீரைச் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூட. செங்கல் நிறம் என்றால் இதற்கு மேல் சொல்ல நிறம் கிடையாது என்று அர்த்தம். எனக்குத் தினமும் செங்கல் நிறம்தான். அரைவயிற்றுக்குச் சாப்பிட்டாலும் செங்கல், பட்டினி கிடந்தாலும் செங்கல்.

அம்மா வெல்ல டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தாள். நான் சாப்பிடும்போது அப்பா எதிரே வந்து உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். "போதும், எழுந்திரு" என்பார். குரலில் கோபம் இருக்காது. அதுதான் தாங்க முடியாது. அக்கா பெண்ணுக்குக் காது குத்தினார்கள். "அவன் வர வேணாம். அங்க வந்தா கை சும்மா இருக்காது" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். எல்லோரும் போன பிறகு வீட்டில் உட்கார்ந்து அந்த மேளச் சத்தத்தைக் கேட்டேன். இரண்டு தெரு தள்ளித்தான் அக்கா வீடு. நன்றாகவே கேட்டது.

காரைக்கால் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர்தான் என்னோடு பேசுகிற ஆளாக இருந்தார். "மரவள்ளிக் கிழங்கு நிறைய சாப்பிடுவியாப்பா?" என்று ஒருமுறை கேட்டார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வெப்ப நாடுகளில் ஒல்லியான இளைஞர்களுக்கு இந்த நோய் ஏன் வருகிறது என்று அப்போது பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. கிழங்கில் இருக்கும் விஷம் என்று ஒரு கட்சி, சத்துக் குறைவு என்று ஒரு கட்சி. உடம்பின் காவல் படையே வழி தவறிக் கணையத்தைத் தாக்குகிறது என்று மூன்றாவதாக ஒரு கட்சி. நான் அந்தக் கட்சி.

"இல்லைங்க சார், எங்க வீட்ல சோறும் மீனும்தான். எனக்கு அந்த மூணாவது காரணமாத்தான் இருக்கும்னு நெனக்கிறேன்" என்றேன்.

"அடேயப்பா" என்று சிரித்தார். பிறகு என் சோதனைக் கணக்கைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "இவ்வளவு படிக்கிறே. என்ன திங்கிறேன்னு மட்டும் மறைக்கிறியே தம்பி."

"ஒண்ணும் திங்கலைங்க."

"சரி" என்றார். நம்பாதவர்கள் சொல்கிற 'சரி'. மருந்தின் அளவைக் கூட்டினார். அடுத்த முறை இன்னும் கூட்டினார். பஸ்ஸில் திரும்பும்போது, அப்பா அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

என் காலில் வலு போய்க்கொண்டிருந்தது. நூலகத்து மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்குவேன். இப்படியே போனால் என்ன ஆகும் என்பதையும் நான் படித்திருந்தேன். அதையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால், "அப்ப திங்காம இரு" என்பார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. படகு இறங்கவில்லை. மின்சாரம் இல்லாமல் ஐஸ் கம்பெனியும் நின்றுபோனது. அன்று பார்த்துப் பழைய பாட்டிலில் மருந்து அடிக்குப் போய்விட்டிருந்தது. அப்பா நனைந்துகொண்டே காரைக்கால் போய்ப் புதுப் பாட்டில் வாங்கி வந்தார். ஐஸ் இல்லாத பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். கடைசியில் ஒரு மண்சட்டியில் ஈரமணலை நிரப்பி, அதில் பாட்டிலைப் புதைத்து, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்க. கம்பெனி ஓட ஆரம்பிச்ச ஒடனே ஐஸ் வந்துடும்" என்றார், விருந்தாளிக்குப் பழைய சோறு போட்டவர் போல.

மறுநாள் காலைச் சோதனையில் குழாய் பச்சையாக நின்றது. நான் தப்பாகக் காய்ச்சிவிட்டேன் என்று நினைத்து மறுபடி காய்ச்சினேன். பச்சைதான். அதற்கடுத்த நாள் நீலம். கொல்லையிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்ல புத்தி வந்துடுச்சு அவனுக்கு" என்று அப்பா அவளிடம் சொன்னார், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. நான் மறுத்துப் பேசவில்லை. செய்யாத தப்புக்குக் கிடைத்த மன்னிப்பு அது. ஆனால் அவர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி எத்தனையோ மாதமாகியிருந்தது.

அந்த வாரமே காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் எனக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. மழைக் குளிரில் வேர்த்து ஊற்றியது. நின்ற பஸ் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. சர்க்கரை தலைகீழாக இறங்குகிறது என்று புரிந்துவிட்டது. உடனே ஏதாவது இனிப்பு உள்ளே போகவில்லை என்றால் இங்கேயே விழுவேன். டீக்கடைக்குள் புகுந்து, "அண்ணே, சீனி, சீனி" என்றேன். கடைக்காரர் என்ன ஏது என்று புரிந்துகொள்வதற்குள், டப்பாவில் கையை விட்டு அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். உதடெல்லாம் சீனி.

"அடப்பாவி!"

எங்கள் தெருவில் இருந்து மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவந்து விற்கும் அக்கா ஒருத்தி, காலிக் கூடையோடு வாசலில் நின்றாள். "இப்புடித்தான் கடை கடையா பூந்து திங்கிறியா? ஒங்கப்பன் கரையில கெடந்து சாவுறானே, கண்ணு தெரியலயா ஒனக்கு?" நாக்குக் குழறி என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெளிவு வருவதற்குள் அவள் முந்தின பஸ்ஸில் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் நின்றார். உள்ளே கூடைக்கார அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன கை தின்ன?" என்றார் அப்பா.

"எண்ணலப்பா. தின்னலைன்னா செத்திருப்பேன்."

"சீனி தின்னாதானடா நீ சாவே?"

"கேளு, கேளு, நல்லா கேளு" என்றாள் அக்கா.

"கொல்லைக்கு வாங்கப்பா. நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் கண்ணெதிரே விளக்கை ஏற்றிக் காய்ச்சினேன். இத்தனை நாளில் அவர் அதைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. கரைசல் கொதித்தது. நிறம் மாறவில்லை. நீலமாகவே நின்றது.

"இது என்னா கலரு?"

"நீலம். சக்கரையே இல்ல."

"அள்ளித் தின்னுட்டு வந்திருக்க, சக்கர இல்லங்கிற?"

"அந்தத் தண்ணியே கெட்டுப்போயிருக்கும்" என்றாள், பின்னாலேயே கொல்லைக்கு வந்து உட்கார்ந்திருந்த கூடைக்கார அக்கா. அம்மாவைப் பக்கத்து வீட்டிலிருந்து வெல்லம் வாங்கி வரச் சொன்னேன். கரைத்து, வேறொரு குழாயில் இரண்டு சொட்டு விட்டுக் காய்ச்சினேன். செங்கல் நிறத்தில் கலங்கி நின்றது. அக்கா அதைப் பார்த்தாள், கூடைக்குள் கிடந்த சும்மாட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான், பேசப் பேசத்தான், விளங்கியது. சாப்பாடு அதேதான். டாக்டர் கூட்டிக் கொடுத்த மருந்தின் அளவும் அதேதான். மாறியது ஒன்றே ஒன்று. ஓடிப்போய்ப் பெட்டியின் அடியில் கிடந்த பழைய பாட்டிலை எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தால், அரிசி நொய் போல வெள்ளைத் துகள்கள் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. அவற்றை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். மருந்தே இப்படித்தான் போலிருக்கிறது என்று உள்ளங்கையில் உருட்டிக் கலக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மணலிலிருந்து எடுத்த புதுப் பாட்டில் பால் போல ஒரே சீராக இருந்தது. அதில் காகிதம் இன்னும் உரியவில்லை; உறையவிடக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

"உறைஞ்சிருக்குப்பா! வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டையாவுமா? அதுமாதிரிதான் இதுவும். ஒருதடவ உறைஞ்சு உருகினா இதுக்கு வீரியம் போயிடும். அதான் டாக்டர் கூட்டிக்கிட்டே போனாரு. இப்ப நல்ல மருந்து, ஆனா அதே பெரிய அளவு, அதான் எனக்கு மயக்கம் வந்துச்சு!" எவ்வளவு வேகமாகப் பேசினேன்! ஒருவர் முழுசாக நின்று நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, ஐஸாலதானா?" என்றார் அப்பா.

"வெறும் ஐஸுன்னா இவ்வளவு ஆகியிருக்காதுப்பா. உப்புதான். உப்பு சேந்தா குளிர் இன்னும் கீழ எறங்கிடும். அதனாலதான்..."

"உப்பு நான்தான போட்டேன்."

நான் பழைய பாட்டிலைக் கீழே வைத்தேன்.

கூடைக்கார அக்கா எழுந்தாள். "சரி வுடுங்க. புள்ள பொழச்சிட்டான்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் தெருவுக்கே அவள்தான் சொன்னாள், நான் திருடன் இல்லை என்று.

டாக்டர் அளவைக் குறைத்தார். "எங்க வச்சிருக்கீங்கன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார். அதை அப்படியே வந்து அப்பாவிடம் சொன்னேன். ஒருமுறை சொன்னேன், வேறு வேறு விதமாகப் பல முறை சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். உடம்பில் சதை பிடித்தது, படிகளில் ஓடினேன், குழாய் பெரும்பாலும் நீலமாகவே இருந்தது.

பாட்டில் தீர்ந்தால் அதன் பிறகும் அவர்தான் காரைக்கால் போய் வாங்கி வருவார். வந்ததும் பையின் வாயைத் திறந்து என் பக்கம் நீட்டுவார்.

"எடுத்துக்க."

"உள்ளதான மணல் சட்டி இருக்கு, நீங்களே வச்சிடுங்கப்பா."

"வேணாம். நீயே வச்சுக்க. நான் தொட்டா சரிவராது."

சொல்லிவிட்டுக் கரைக்குப் போய்விடுவார். நான் பாட்டிலைப் புதைத்து, மேலே தண்ணீர் தெளிப்பேன். மணல் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க அந்த வீட்டில் அதன் பிறகு என் கை ஒன்றுதான் இருந்தது.