பிந்தி விழும் அடி

நேற்றுப் பின்னேரம் மார்க்கஸின் வீட்டு வாசலிலேயே தலைச்சாயத்தின் வாசம் மூக்கில் அடித்தது. எங்கள் பாண்ட் நவீனமாகிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? பாடகர், கிற்றார்காரர், நிரந்தரத் தலைவர் எல்லாம் அவன்தான்; நான் ட்ரம்ஸ் அடிப்பவன். அறுபத்தைந்து வயதில் மண்டை அண்டங்காக்கைக்குப் போட்டியாக இருந்தது. காதுமடலிலும் கொஞ்சம் வழிந்திருந்தது. உப்புக் காற்று என்று அர்த்தம் வரும் 'த சோல்ட் விண்ட்' என்ற பழைய பெயரையும் வெட்டி 'ஸோல்ட்டி' ஆக்கிவிட்டான். பொடியன்மாருக்கு நீளமான பெயர் வாயில் நுழையாதாம்.

அந்த வாசம் எனக்குச் சப்பாத்துப் பொலிஷை ஞாபகப்படுத்தியது. சிலாபத்தில் முதல் கல்யாண வீட்டுக்கு வாசிக்கப் போனபோது, மீசை இல்லாதவர்களை மேடையில் ஏற்றமாட்டார்களோ என்று பயந்து, எல்லோரும் மூக்குக்குக் கீழே பொலிஷ் பூசிக்கொண்டோம். ரொக் வாசிக்கத்தான் போனோம். இரண்டாவது பாட்டிலேயே வியர்வையில் மீசை நாடிக்கு இறங்கிவிட்டது. மூன்றாவது பாட்டில் "பைலா ஒண்டு போடுங்கடா" என்று சத்தம் வந்தது. எங்கள் புரட்சி அத்தோடு சரி; அன்றிலிருந்து கல்யாண வீட்டு ஆட்டப்பாட்டுத்தான். நான் 'பாண்ட்' என்று சொன்னதை அம்மா கடைசிவரை பேக்கரிப் 'பாண்' என்றே கேட்டார். "பாண் வித்தாலாவது மிஞ்சினதத் திங்கலாம்" என்பார்.

பொலிஷைச் சொன்னால் சப்பாத்தையும் சொல்லவேண்டும். அன்று நான் போட்டிருந்தது அப்பாவின் சப்பாத்து. என் காலுக்கு அது வள்ளம். பெரிய ட்ரம்மின் பெடலை மிதித்தால் முதலில் கால் சப்பாத்துக்குள் சறுக்கும், பிறகுதான் பெடல் அமரும். ஒவ்வொரு அடியும் ஒரு இமைப்பொழுது பிந்தி விழுந்தது. மார்க்கஸ் திரும்பித் திரும்பி முறைத்தான். ஆடிய சனமோ காலைத் தூக்கி, அந்தரத்தில் வைத்திருந்து, அடி விழுந்ததும் இறக்கியது. அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பிறகு அளவான சப்பாத்து வாங்கியும் அந்தப் பிந்தலை நான் விடவில்லை. கல்பிட்டி வரைக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனைப் பார்த்து அப்படியே ஆடப் பழகினார்கள். இந்த உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே கீர்த்தி அதுதான், சிரிக்காதீர்கள்.

போன மாதம் மார்க்கஸ் ஒரு மடிக்கணினியையும், அதை இயக்க டில்ஷானி என்ற கெட்டிக்காரப் பிள்ளையையும் கொண்டுவந்தான்.

"மச்சான், இப்ப பொடியன்மார் ட்ரம்ஸ் கேக்கிறதில்ல. பீட்தான் கேக்கிறாங்க."

"அப்ப நான் இவ்வளவு காலமும் என்னத்த அடிச்சன்?"

"அது சத்தம், மச்சான்."

ட்ரம்முக்குப் பின்னால் உள்ள கதிரையை எடுத்துவிட்டால் நான் யார்? மீனுக்கு ஐஸ் போடும் வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு கிழவன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சோறு இறங்கவில்லை.

தலவிலப் பக்கம் ஒரு கல்யாணத்தில் ஸோல்ட்டி அரங்கேறியது. மார்க்கஸ் கறுப்புக் கண்ணாடியோடு ராப் என்று ஏதோ சொன்னான். மீன் ஏலம் கூறுவதுபோல் இருந்தது. கணினி பிசகில்லாமல் அடித்தது. வினையே அதுதான். கிழடுகள் மட்டுமல்ல, மாப்பிள்ளையின் கூட்டாளிமாரும் காலைத் தூக்கினார்கள். இறக்குவதற்குள் அடி விழுந்துவிட்டது. ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். கடைசியில் மார்க்கஸே கையைக் காட்டி, மேடை மூலையில் ட்ரம்மோடு சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டான். அடித்தேன். மண்டபம் முழுக்க ஆடியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் சும்மா சும்மா சிரித்துக்கொண்டு போனேன்.

நேற்று அந்த வெற்றிக் களையோடுதான் அவன் வீட்டுக்குள் நுழைந்தேன். டில்ஷானி எழுந்து கதிரை தந்தாள். நல்ல வளர்ப்பு.

"அங்கிள், அண்டைக்கு நீங்க அடிச்சத ரெக்கோர்ட் பண்ணினன். உங்கட பிந்தல் அப்படியே இதுக்குள்ள இருக்கு. கேளுங்க."

கேட்டேன். அப்பாவின் சப்பாத்துக்குள் என் கால் சறுக்குவது எனக்கே தெரிந்தது.

"சரிதானே அங்கிள்?"

"ஓம் பிள்ள. சரியாப் பிந்துது."

"இனி நீங்க கஷ்டப்பட்டு வரத் தேவையில்ல" என்றாள், உண்மையான அன்போடு.

திரும்பும்போது பார்த்தேன். என் பெரிய ட்ரம் வளவில் கிடந்தது. அதன்மேல் மார்க்கஸின் மனைவி கருவாடு காயப்போட்டிருந்தாள். அடுத்த கிழமை சிலாபத்தில் ஒரு கல்யாணமாம். சனம் காலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும். அடியும் பிந்தித்தான் வரும். நான் மட்டும் இனி எதற்கும் பிந்தவேண்டியதில்லை.