அக்கா ஃபோனில் தெரியவில்லை

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நம்ப முடியாது என்பீர்கள். பரவாயில்லை, என் பேச்சை நம்பக் கூடாது என்பதற்கு டாக்டர் சீட்டே இருக்கிறது. எனக்கு மனச்சிதைவு நோய். ஒன்பது வருஷமாக மாத்திரை. இல்லாத குரல்கள் கேட்கும், சில நாள் இல்லாத ஆட்களும் வருவார்கள். மற்றபடி வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

இந்த நோயோடு வாழ வழி சொல்லிக்கொடுத்தது அக்கா. "சந்தேகம் வந்தா ஃபோன் கேமராவுல பாரு. அதுல தெரியலேன்னா ஆள் இல்ல. பதில் மட்டும் பேசாதே, பேசினா போகாது" என்பாள். அவள் சொன்னது ஒருநாளும் பொய்த்ததில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல். மணி 4:05. மேசையில் வேலையாக இருந்தேன். நிமிர்ந்தால்... எதிர் நாற்காலியில் அக்கா.

கதவு திறந்த சத்தமே இல்லை. உள்சங்கிலி போட்டபடியே இருந்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடியது, அவள் தலைமுடி அசையவில்லை. வீட்டுக்குள் செருப்போடு நடந்தால் என்னைக் கிழி கிழியென்று கிழிக்கிறவள், செருப்பு போட்டிருந்தாள். ஒரு காலில் மட்டும்.

"என்னடா, சாப்பிட்டியா?"

ஃபோனை எடுத்துப் பிடித்தேன். திரையில் வெறும் நாற்காலி.

சரி, அக்கா இல்லை. தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு வார்த்தை பேசேன்டா..."

பேசவில்லை.

"நான் போகணும்டா. நேரமாச்சு..."

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டக்... கொஞ்சம் இடைவெளி... டக்...

ஒற்றைச் செருப்புச் சத்தம் கதவுவரை போய் நின்றது.

மணி 4:12.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சொன்னால் சந்தோஷப்படுவாளே என்று அக்காவுக்கே ஃபோன் செய்தேன். எடுத்தது ஒரு போலீஸ்காரர். சாலையைக் கடக்கும்போது லாரி மோதி, 3:40க்கே உயிர் போய்விட்டதாம்.

"நோய்தான். நேரம் தற்செயலா ஒத்துப்போச்சு" என்றார் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்தை எப்படியோ ஓட்டினேன்.

எட்டாம் நாள் கீழ்த்தளத்துத் தையல்காரர் வந்தார். அவருக்கு எந்த நோயும் இல்லை. அந்தச் செவ்வாய் ராத்திரி வெளியூர் போனவர், திரும்பி வந்த பிறகுதான் விஷயம் தெரிந்ததாம். எத்தனை மணிக்கு என்று கேட்டார். 3:40 என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இல்லையே தம்பி... நாலேகாலுக்கு உங்க அக்கா அழுதுக்கிட்டே படி இறங்கினாங்க. என்னம்மா ஆச்சுன்னு நானே கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'எவ்வளவு கூப்பிட்டும் தம்பி பேசமாட்டேங்கிறான்'ன்னு சொன்னாங்க."