பனிஸ் தாளில் தைத்த மோதிரங்கள்

பொம்மி, நீ இல்லை என்ற செய்தி பாட்டில்லாமல் வந்தது.

அன்று நாங்கள் ரோட்டோரத்து மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். பனி இறங்கி, பக்கத்துச் செடி நிறையில் நிற்பவளின் தலைத்துணி மட்டும் தெரிகிற நேரம். கீழே வளைவில், பேக்கரியிலிருந்து பாணும் பனிஸும் கொண்டுவந்து விற்கிற பாண் ஆட்டோ ஏறி வந்தது. எந்த நாளும் முதலில் அதன் பாட்டு வரும், பிறகுதான் வண்டி வரும். அன்று வண்டி மட்டும் வந்தது. பாண்காரர் இறங்கிப் பனிக்குள் எங்களைத் தேடிக்கொண்டு நின்றார். யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது. கூடையைக் கழற்றி வைத்துவிட்டு நானே இறங்கிப் போனேன்.

"பஸ் ஸ்டாண்டுல நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாங்க. நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன்" என்றார். உன் குடையை என்னிடம் நீட்டினார். அது நனைந்திருக்கவில்லை.

இனி உன்னோடு பேசாமல், உன்னைத் தெரிந்தவர்களோடு பேசுகிறேன். நீ என்றால் நடுவில் நடுவில் வாயைக் கொடுப்பாய்; என்னால் ஒன்றையும் ஒழுங்காகச் சொல்ல முடியாது.

தோட்டத்து லயத்து வரிசை வீட்டு ஆட்களும், ஹட்டன் டவுனில் நானாவின் தையல் கடையில் அவளோடு வேலை செய்தவர்களும் இதைப் படிப்பீர்கள். ராஜேஸ்வரி என்று பெயர் வைத்தார்கள்; பொம்மி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். என் கணவருக்கு ஒரே தங்கை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. நான் கல்யாணமாகி வந்து லயத்து வீட்டுக் காம்பராவுக்குள் காலெடுத்து வைத்தபோது ஆரத்தித் தட்டை இறக்கி வைத்துவிட்டுக் காதோடு சொன்னாள்: "மதினி, அடுப்பு பொகையும், கூரை ஒழுகும், எங்கண்ணன் கொறட்டை விடுவாரு. இப்பவே சொல்லிட்டேன். பொறகு என்னையக் கேக்கக் கூடாது." மூன்றும் உண்மையாக இருந்தன. கேட்பதற்கு அவள்தான் எனக்கு இருந்தாள்.

அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்து தட்டிப்போனது. பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார், என் பிள்ளைகள் பிறந்தார்கள், வருசங்கள் போய்விட்டன. அவள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் அந்த நினைப்பை விடவில்லை என்பது அந்தப் போர்வை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பங்களாவில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா பழைய போர்வை ஒன்றைக் கிழிசல் தைக்க நானாவின் கடைக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். துண்டுத் துணிகளை வளைவளைவாக இணைத்து, மோதிரத்துக்குள் மோதிரம் கோர்த்ததுபோல் தைத்த போர்வை. அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கு அப்படித் தைப்பார்களாம். பொம்மி அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, உள்பக்கத் தையலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "கிழிஞ்ச எடத்தத் தச்சிட்டுக் குடு புள்ள. அதோட குடும்பம் நடத்த வாணாம்" என்று நானா சத்தம் போட்டாராம். அன்று வீட்டுக்கு வந்ததும் என் மகளின் போனை வாங்கி, அதை எப்படித் தைப்பது என்று வீடியோ தேடிப் பார்த்தாள். பேசுகிற மொழி எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. கைகள் செய்வது விளங்கியது.

தாளில் வளைவாகக் கோடு போட்டு, குறுக்கே சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். துணித்துண்டைத் தாளுக்கு அடியில் பிடித்துக்கொண்டு, மேலே தாளில் இருக்கிற கோட்டின்மீதே மெசினை ஓட்ட வேண்டும். பிறகு துணியை மடித்து, நகத்தால் தேய்த்துப் படிய வைத்து, அடுத்த துண்டு. நகத்தால் தேய்ப்பது என் வேலை. தையலை நெருக்கி நெருக்கிப் போட வேண்டும். அப்போதுதான் எல்லாம் முடிந்த பிறகு, தபால் முத்திரையைக் கிழிப்பதுபோல் தாளைத் தனியாகக் கிழித்து எடுக்கலாம். துணி அடியில் கிடப்பதால் தைக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. "பாக்காமத்தான் தைக்கணும் மதினி. கோட்ட நம்பணும்" என்பாள்.

என் கை கொழுந்துக் கறை பிடித்த கை. வெள்ளைத் துணியைத் தொட விடமாட்டாள். சாறு பிழிந்த தேசிக்காய்த் தோலைக் கொடுத்து, "நல்லாத் தேச்சிக் கழுவிட்டு வாங்க. ஒங்க கை பட்டா என் போர்வை தேத்தண்ணி கேக்கும்" என்பாள்.

தாள்தான் அவளைப் படாத பாடு படுத்தியது. பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் தைத்தாள். அது தடிப்பு, கிழிக்கும்போது தையலையும் சேர்த்து இழுத்தது. பத்திரிகைத் தாளில் தைத்தாள். மை வெள்ளைத் துணியில் ஏறியது. ஒரு நாள் பாண் வண்டி வாசலில் நின்றபோது, சீனி தூவிய பனிஸைச் சுற்றிக் கொடுக்கிற மெல்லிய தாளை அவள் விரல்களுக்கு நடுவே வைத்து உரசிப் பார்ப்பதை நான் கண்டேன்.

"பனிஸ் எத்தன?" என்று கேட்டார் பாண்காரர்.

"பனிஸ் வேணாம். சுத்துற தாள் மட்டும் வேணும்."

"தாளத் திங்க முடியாதே."

"ஒங்க பனிஸையுந்தான் திங்க முடியல."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுத் தாளைக் கொடுத்தார். மாணிக்கம் என்று பெயர், றொசல்லைப் பக்கம் வீடு, மனைவி செத்துப் பல காலம், பிள்ளைகள் இல்லை. இவ்வளவுதான் எங்களுக்கு அவரைப் பற்றித் தெரியும். அடுத்த முறை வண்டி வந்தபோது பொம்மி தைத்த வளைவு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டாள். "இங்க பாருங்க, ஒங்க தாள்ல சீனி ஒட்டியிருக்கு. என் மோதிரத்துல எறும்பு ஊர்வலம் போகுது!" மனிதர் வளைவை வாங்கி, ஒவ்வொரு எறும்பாக ஊதிவிட்டார். அதற்குப் பிறகு அவளுக்கென்று புதுத் தாள் தனியாக வந்தது. பாண் பக்கத்திலேயே வைக்கமாட்டார். தன் சீட்டுக்கு அடியில் மடிக்காமல் வைத்துக் கொண்டுவருவார்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் மடிப்பைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"யாருக்குடி இந்தப் போர்வ?"

"எனக்குத்தான்."

"கல்யாணப் போர்வைன்னியே?"

"ஆமா."

"அப்ப மாப்பிள்ள?"

வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கீழ்வளைவில் பாண் வண்டியின் பாட்டுக் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு மெசினை வேகமாக ஓட்டினாள். கோட்டை விட்டு ஓட்டினாள்.

பாண்காரரைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் சொன்னபோது என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த வயசுல தாலி கட்டுனா லயமே சிரிக்கும்" என்றார். "சிரிக்கட்டுமே அண்ணே. சிரிச்சா ஒடம்புக்கு நல்லதாம்" என்றாள். அவர் அன்றிலிருந்து பாண் சாப்பிடுவதை நிறுத்தினார். காலையில் தேங்காய் ரொட்டிதான். தேங்காய் துருவுகிறவள் நான். "ஒங் கல்யாணத்துக்கு என் கைதாண்டி தேயுது" என்று அவளை ஏசுவேன். வண்டி வந்தால் அவர் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். பாண்காரர் என்றுகூடச் சொல்லமாட்டார், 'அந்த ஆளு' என்பார். அவருக்குக் கோபம் தங்கை மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். தான் செய்து வைத்திருக்க வேண்டிய ஒன்றை அவள் தானே செய்துகொள்கிறாளே என்பதுதான் அவரைக் குத்தியது.

வளைவுகள் எல்லாம் தைத்து முடிந்ததும் பொம்மி ஒரு பிழை விட்டாள். நானாவின் கடையில் எதைக் கொடுப்பதானாலும் நூல் தும்பு இல்லாமல் சுத்தம் செய்துதான் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், வளைவுகளை ஒன்றோடொன்று சேர்ப்பதற்கு முன்பே எல்லாத் தாளையும் கிழித்து எடுத்துவிட்டாள். எங்கள் ஊர் ஈரத்துக்குத் துணி சும்மா இருக்குமா? விடிந்து பார்த்தால் ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு பக்கம் இழுபட்டு நெளிந்து கிடந்தது.

"இது மோதிரமா, முறுக்கா?" என்றேன்.

"கடவாய்ப் பல்லு இல்லாதவங்களுக்கு எதப் பாத்தாலும் முறுக்கு நெனப்புத்தான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். "பக்கத்துத் துண்டு வந்து சேர்ற வரைக்கும் தாள் இருக்கணும் மதினி. அவசரப்பட்டுட்டேன்" என்றாள். மறுபடியும் தாள், மறுபடியும் பாண்காரர், மறுபடியும் முதல் கோட்டிலிருந்து. அவளுக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு மறக்காது. வெளியே விடாத மழை. காம்பராவுக்குள் குறுக்கே கயிறு கட்டி, திரும்பத் தைத்த வளைவுகளைத் தொங்கவிட்டிருந்தாள். கதவு வழியே பனி உள்ளே வந்தது. அடுப்புப் புகையும் பனியும் கலந்து, கயிறு கண்ணுக்குத் தெரியாமல் போனது. சேலைக்கரைச் சிவப்பும், மஞ்சளும், பிள்ளைகளின் வெள்ளை யூனிபோர்ம் துண்டும் அந்தரத்தில் மிதந்தன. மெசின் ஓடும்போது மழைச் சத்தம் நிற்கும். மெசின் நின்றால் மழை ஓடும். நான் சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டேன். வளைவுகள் தாமாகவே ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, மலையெல்லாம் மோதிரம் மோதிரமாகப் படர்ந்து கிடப்பதுபோல் ஒரு தோற்றம். அது கனவா, கண் திறந்து கண்டதா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மதினி, தூங்கிட்டீங்களா? நான் போயிட்டா இந்தச் சத்தம் இல்லாம எப்பிடித் தூங்குவீங்க?"

"றொசல்லைக்குத்தானே போறே. என்னமோ சீமைக்குப் போற மாதிரி பேசுறே."

"அண்ணன் இன்னும் சரின்னு சொல்லலியே."

"தை பொறக்கட்டும், பாப்பம்னு சொன்னாருல்ல. அவரு பாப்பம்னு சொன்னா பாதி சரின்னு அர்த்தம்."

"மீதிப் பாதி?"

அவள் மறுபடியும் மெசினை மிதித்தாள். தை பிறப்பதற்குள் அவளைத் தூக்கி வந்து அதே காம்பராவில் கிடத்தினார்கள்.

மரண வீட்டில் பாண்காரர் உள்ளே வரவில்லை. கீழே தண்ணீர்ப் பைப்படியில் நின்றார். "யாரு அது?" என்று வெளித் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் கேட்டார்கள். "பாண்காரரு" என்றாள் ஒருத்தி. "அவருக்கு இங்க என்ன?" என்று கேட்டாள் இன்னொருத்தி. கல்யாணம் ஆகவில்லை, நிச்சயம்கூடப் பண்ணவில்லை. அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு என்ன உரிமை என்று கேட்டால், சொல்ல எங்களிடம் ஒரு சொல் இல்லை.

பிறந்த வீட்டுக் கோடித் துணியை என் கணவர் போட்டார். சடங்கு செய்கிறவர், "வேற யாரும் கோடி போடணுமா?" என்று வழக்கத்துக்குக் கேட்டார். கட்டிக்கொடுத்த பெண் என்றால் புருசன் வீட்டுப் பக்கம் எழுந்து வரும். யாரும் எழவில்லை. நான் எழுந்தேன். மெசினில் இருந்த போர்வையை எடுத்தேன். மோதிரங்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன, ஒரு ஓரம் மட்டும் பாக்கி. தாள் இன்னும் உள்ளேயே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்குப் போய் அவர் கையில் வைத்து, "வாங்க" என்றேன்.

அவர் வந்தார். நடக்கும்போது கைக்குள் தாள் சரசரத்தது. அத்தனை ஒப்பாரிக்குள்ளும் எனக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. வாசலில் நின்று என் கணவரைப் பார்த்தார். என் கணவர் நிமிரவில்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் ஒதுங்கினார், இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு. பாண்காரர் போர்வையை விரித்து அவள்மேல் போட்டார். கால் மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

தூக்குகிற நேரம் வானம் இருட்டியது. என் கணவரே போர்வையை எடுத்தார். அவர் அதை நாலாக மடித்துப் பாண்காரரின் கையில் கொடுத்தார். அதுவரை அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசாதவர். "மழ வருது. உள்ள தாள் இருக்கு. நனையாமக் கொண்டு போங்க" என்றார். உள்ளே தாள் இருப்பது அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. யார் கொடுத்த தாள் என்றும் தெரிந்திருக்கும்.

கருமாதி முடிந்த பிறகு பாண்காரர் போர்வையோடு வந்தார். "ஒரு ஓரம் பாக்கி கெடக்கு. நீங்கதான் முடிச்சுக் குடுக்கணும்" என்றார். எனக்கு மெசின் அவ்வளவாக ஓடாது. மெதுவாகத் தைத்தேன். பார்க்காமல் தைத்தேன். பிறகு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து தாளைக் கிழித்தோம். தையல் இடுக்கில் சிக்கிய துணுக்குகளை என் கணவர் ஊசியால் நோண்டி எடுத்தார். தரையெல்லாம் வெள்ளைத் துணுக்குகள். தாள் போகப் போகப் போர்வை கனம் குறைந்து மடியில் குழைந்தது.

அவளிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த நெருக்கமான தையல். இப்போது பிள்ளைகளின் சட்டைக் கிழிசலைத் தைத்தாலும் எனக்கு அப்படித்தான் வருகிறது. மெசினை அவள் வைத்த அளவிலிருந்து நான் மாற்றவில்லை, மாற்றப் போவதுமில்லை.

போர்வையை மடித்துக் கொடுத்தபோது அவர், "வாறேன் தங்கச்சி" என்றார். நாத்தனார் புருசன் சொல்கிற முறை அது. என் கணவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நானும் ஏதோ முறை சொல்லி வழியனுப்ப வாயெடுத்தேன். சொல் வரவில்லை. தாலி கட்டாத மனிதர், ஊருக்கு அவர் வெறும் பாண்காரர். அவர் இறங்கிப் பனிக்குள் போகும்வரை வாசலில் நின்றேன். நாளைக் காலையில் மறுபடியும் வருவார்.

பொம்மி, அவரை நான் அண்ணே என்று கூப்பிடட்டுமா?