ஒன்பது இஞ்ச் மேட்டில் ஒரு தொட்டிப் பாலம்

முதலில் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். உடையார்பாளையம் பக்கம் ஓர் ஓடைக்கு மேலே வாய்க்கால் தண்ணீரைக் கடத்தத் தொட்டிப் பாலம் கட்டினேன். எனக்கு அப்போதே சர்வீஸ் முப்பது வருஷம். திறப்பு நாளில் ஷட்டரைத் தூக்கினோம். தண்ணீர் பாலத்தின் வாய்வரை வந்தது, ஏற முடியாமல் கரை வழிந்து ஓடைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

எங்கள் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர், அதாவது இ.இ., அப்போதுதான் வெளிநாடு போய்வந்திருந்தார். ஆற்றைத் தாண்டும் ரோமானியப் பாலம் ஒன்றைப் போனில் காட்டிக்கொண்டிருந்தார். "மூணு அடுக்கு வளைவு. உச்சியில தண்ணித் தொட்டி. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு இஞ்ச்தான்யா சரிவு. ரெண்டாயிரம் வருஷம்!"

அக்கரையில் அஞ்சலையின் முக்கால் ஏக்கர் நடவு வெடித்துக் கிடந்தது. அதற்குத் தண்ணீர் கொடுத்த பழைய குழாயைப் பிடுங்க வைத்தவனே நான்தான். "இன்னும் நாலு நாளு தாங்காது சார்" என்றாள்.

வேறொரு பெஞ்ச் மார்க்கிலிருந்து, அதாவது உயரம் குறித்து நட்ட கல்லிலிருந்து, மறுபடி லெவல் பார்த்தேன். பாலம் ஒன்பது இஞ்ச் மேடு. ரோமானியன் ஒரு இஞ்ச் இறக்கினான், நான் ஒன்பது இஞ்ச் ஏற்றியிருக்கிறேன்.

நான் முதலில் நம்பிய பெஞ்ச் மார்க் கல்லுக்கு ஊரார் மஞ்சள் பூசிச் சாமியாக்கியிருந்தார்கள். நானும் செருப்பைக் கழற்றி, கும்பிட்டுவிட்டுத்தான் அதன் தலையில் அளவுகோலை வைத்தேன். அடியில் புது சிமெண்ட் மேடை கல்லையே ஒன்பது இஞ்ச் உயர்த்தியிருந்தது கண்ணில் படவில்லை. "வாய்க்கால் தரை தாழ்வா இருக்குதே சார்" என்று மேஸ்திரி கேட்டதற்கும், "மண்ணு அரிச்சிருக்கும்யா, நீ போடு" என்றேன்.

"கல்ல தூக்கினது எவன்? கேஸ் போடுறேன்!" இ.இ. குதித்தார்.

அஞ்சலை முன்னால் வந்தாள். "மழத்தண்ணியில சாமி முங்குதுன்னு நாங்கதான் மேடை கட்டித் தூக்கி வெச்சோம். இந்த சாரு ரெண்டு நாளு அங்கதான் நின்னாரு. கும்பிடத் தெரிஞ்சுதே, ஒரு வார்த்த கேட்டாரா?"

ஊர்மேல் பழியைப் போட அதுவரை மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகிவிட்டது. "தப்பு என்னுது சார்" என்றேன். மெமோ வந்தது. அறுவடைக்கப்புறம் தொட்டியை இடித்து, இறக்கிக் கட்டினோம்.

ஜூனியர்களே, எப்போதும் இரண்டு பெஞ்ச் மார்க் பாருங்கள். அதற்கு முன்னால் ஊராரிடம் கேளுங்கள்.

ஆனால் அன்றைக்கு நடவைக் காப்பாற்ற வேண்டுமே? ஊரே சேர்ந்து கரையில் மணல் மூட்டை அடுக்கியது. வாய்க்கால் மட்டம் ஏறி, சாயங்காலம் தண்ணீர் தொட்டிக்குள் நுழைந்து அக்கரை போய் வயலில் இறங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வரப்பில் நின்று கண்ணைத் துடைத்தேன்.

"சும்மா நிக்காதீங்க சார், அந்த மடைய அடைங்க" என்றாள் அஞ்சலை.

அடைத்தேன். என் சர்வீஸில் எதிர்த்துப் பேசாமல் நிறைவேற்றிய உத்தரவு அது ஒன்றுதான்.