பேசிக்கொண்டே ஆட ஒரு பாட்டு

அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது அதுதான் சட்டம். சட்டம் போட்டவர் டாக்டர், அமல்படுத்தியது நான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். என் கணவர் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து, பிழைத்து, வீட்டுக்கு வந்திருந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மைசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே குரல் பெரிசானவர். தினமும் சாயங்காலம் நடக்கவேண்டும் என்றார் டாக்டர். எவ்வளவு வேகமாக என்று நான் கேட்டேன். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும், பேச்சு எப்போது தடுமாறுகிறதோ அப்போது நின்றுவிட வேண்டும் என்றார்.

இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் ஊரில் கிடையாது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக்கொடுக்கிற டிரங்க் ஆபரேட்டர். போனை எடுத்தவர் மாடியிலிருந்து ஓடிவந்து எடுத்தாரா, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து எடுத்தாரா என்று ஒரு ஹலோவிலேயே சொல்லிவிடுவேன். அவர் பேச்சில் மூச்சு எங்கே குறைகிறது என்று கண்டுபிடிப்பதா பெரிய விஷயம்?

குக்கரஹள்ளி ஏரிக்கரைக்கு நடக்கப் போனோம். ஆனால் அங்கே அடி எடுத்து வைத்தால் ஒரு தெரிந்த முகம். ஒவ்வொருவரும் நிறுத்தி, இப்போ எப்படி இருக்கீங்க என்று கன்னடத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேட்டுவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு செருப்பை எடுத்து மூலையில் போட்டுவிட்டார்.

“நான் நடக்கப் போறனா, துக்கம் விசாரிக்க நின்னு குடுக்கப் போறனா?” என்றார்.

அவருடைய வீம்பு எனக்குத் தெரியும். கொள்ளேகாலில் அவர்கள் குடும்பமே அப்படித்தான். தலை போகிற காரியமானாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பிறகு பேசாமல் இருந்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை, அவரும் நடக்கவில்லை.

எங்கள் லட்சுமிபுரம் வீட்டின் மாடியில் அப்போது ஒரு ஸ்வீடன் நாட்டுப் பெண்மணி குடியிருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். யோகா கற்றுக்கொள்ள வந்து அந்தப் பக்கத்தில் வீடு பிடித்துத் தங்குகிற வெள்ளைக்காரர்கள் அப்போதே நிறையப் பேர். விடிவதற்கு முன் எழுந்து தலைகீழாக நிற்பார்கள், பிறகு இளநீர்க் கடையில் வரிசையாக நிற்பார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. சனிக்கிழமை சாயங்காலமானால் மேலே டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கும், எங்கள் தலைக்கு மேல் தடதடவென்று சத்தம் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை என் கணவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போனார். போனவர் அரை மணி நேரமாகியும் வரவில்லை. என்னவோ ஏதோ என்று பதறி மேலே ஓடினேன். அந்த அம்மாளின் விரல்களைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் எட்டு வைத்துக்கொண்டிருந்தார் மனுஷன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் என் காதில் முதலில் விழுந்தது அவர் பேச்சு. தொழிற்சாலை பாய்லர் எப்படி வேலை செய்கிறது என்று தன் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார், ஒரு வாக்கியம்கூட அறுபடவில்லை. அரை மணி நேரமாக உட்கார நாற்காலி கேட்கவில்லை என்று அந்த அம்மாள் சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஆட்டத்துக்கு ஸ்விங் என்று பேர். பழைய அமெரிக்க ஆட்டம். ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு, முழங்காலைத் தளரவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன எட்டாக வைத்து, ஒரு எட்டு பின்னால் போய் வரவேண்டும். அவ்வளவுதான், கேட்க எளிது. அந்த அம்மாள் எங்கள் ஹாலுக்கே வந்து எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். சோபாவைச் சுவரோரம் தள்ளி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கதவையும் தாழ் போட்டுவிடுவேன். சிவப்புத் தரையில் வெறுங்கால் வழுக்கவில்லை என்று இவர் கேரம் போர்டு பவுடரைத் தூவினார். நான் புடவையைச் செருகிக்கொண்டு ஆடினேன். லுங்கியோடு ஆட முடியாது என்பதை மட்டும் அவர் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டார்.

அந்த அம்மாளிடம் இருந்த பாட்டுகள் எல்லாம் பிசாசு வேகம். அதனால் எங்களுக்குப் பாட்டே போடாமல் கையைத் தட்டித்தான் ஆடவைத்தார். ஊருக்குத் திரும்புகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி உங்களுக்கு வேண்டிய பாட்டை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்றார். எந்த மொழிப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அதைப் போட்டுவிட்டு அறைக்குள் நடந்து பார்க்கவேண்டும். யோசிக்காமல் அதோடு நடக்க முடிந்தால் அது புதுசாக ஆடுகிறவர்களுக்கு ஏற்ற பாட்டு. நான் தலையாட்டினேன். ஆனால் மனசுக்குள் என் கணக்கு வேறு. வேகம் குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்பதுதான் என் கணக்கு. நடந்து பார்க்க அதில் என்ன இருக்கிறது?

சயாஜிராவ் ரோடுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ரெக்கார்டிங் கடை. வேண்டிய பாட்டுகளைச் சொன்னால் வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். கடைக்காரர் கன்னடக்காரர். ஆனாலும் தமிழ்ப் பாட்டெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். உங்களிடம் இருப்பதிலேயே மெதுவான பாட்டாகக் கொடுங்கள் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு, கேசட் முழுக்க அழுகைப் பாட்டாகவே நிரப்பிக் கொடுத்தார்.

அதைப் போட்டு ஆடினோம். ஆடினோம் என்று சொல்வது தப்பு, தள்ளாடினோம். தாளத்துக்கும் தாளத்துக்கும் நடுவில் அத்தனை இடைவெளி. தூக்கிய காலை எப்போது கீழே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றார். கண்ணாடி ஷோகேஸைப் பிடித்துச் சமாளித்தார். “மெதுவாத்தானுங்க போகுது, ஈசிதானே” என்று நான் தைரியம் சொன்னேன். தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஈசியானதே வரவில்லை என்றுதான் அது அவர் காதில் விழுந்திருக்கிறது. ஒரு சாயங்காலம் பாட்டு பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

“போதும் புள்ள. இவ்வளவு மெல்லப் போற பாட்டுக்கே கால் நிக்கல. இந்த ஒடம்பு இனி அவ்வளவுதான்.”

அதை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அதற்குப் பிறகு ஆட்டமும் இல்லை, பேச்சும் இல்லை. டி.வி.யைச் சத்தம் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். குரலாலேயே வீட்டை நிரப்பிய மனுஷன். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, திடீரென்று ஊமையாகிப்போகிற லைனைக் கேட்டால் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

அவர் செக்கப்புக்குப் போயிருந்த ஒரு காலை, வீட்டில் நான் மட்டும். அந்த அம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. கேசட்டைப் போட்டுவிட்டு சமையலறையிலிருந்து வாசல் கதவு வரை நடந்து பார்த்தேன். என்னால் நடக்க முடியவில்லை. நெஞ்சில் ஒரு குறையும் இல்லாத நான், தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிற நான், நடு ஹாலில் தடுமாறினேன். பள்ளிக்கூடத்தில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்கள். அதில் எல்லாருக்கும் முன்னால் காலை ஊன்றிவிட்டு அழுதவள் நான். மெதுவாகப் போவதுதான் கஷ்டம் என்று தெரிந்தவளுக்கு இது ஏன் தோன்றவில்லை? அவர் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, பாட்டில்தான் கோளாறு. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கேசட்டைத் திட்டினேன்.

அன்றைக்கே மறுபடியும் கடைக்குப் போனேன். இந்தத் தடவை பாட்டுகளைப் போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டார். நான் கவுன்ட்டரிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து கவுன்ட்டருக்கும் நடந்தேன். வெளியே போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இது வேகம், கால் ஓடுகிறது. இது மந்தம், கால் காத்திருக்கிறது. இதில் பாடகர் உருகுகிற இடத்தில் தாளமே காணாமல் போகிறது. முதலில் முறைத்த கடைக்காரர் போகப்போக எனக்கே யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீட்டில் கல்யாணமா என்று விசாரித்தார். என் வீட்டுக்காரருக்கு மருந்து என்றேன். அவர் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினார்.

கருப்பு வெள்ளைப் படங்களில் வருமே, ஹோட்டலில் பேண்டு வாசிக்க, கோட்டு போட்டவர்கள் ஆடுகிற பாட்டுகள். அதில்தான் கிடைத்தது. அடியில் ஒரு பெரிய தந்திவாத்தியம் ஆள் நடப்பது போல ‘தும் தும்’ என்று போய்க்கொண்டே இருந்தது. பாடகர் எங்கே போனாலும் அது மட்டும் நிற்கவில்லை. நான் வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தபோதுதான், நடப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது தெரிந்தது. அந்த மாதிரியே பொறுக்கிக் கேசட்டின் இரண்டு பக்கத்தையும் நிரப்பச் சொன்னேன். நீளமான பாட்டுகளை ஒதுக்கிவிட்டேன், மூச்சு வாங்கக்கூடாதே.

வீட்டில் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கேசட்டைப் போட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விட்டேன். எட்டிப் பார்த்தேன். பேப்பருக்குக் கீழே கால் தட்டிக்கொண்டிருந்தது. நான் போய்க் கையை நீட்டினேன். என்னை ஒரு முறை பார்த்தார், பேப்பரை மடித்து வைத்தார், எழுந்தார். பின்னால் போகிற எட்டு அந்தத் ‘தும்’மில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன், பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஆட்டம்தான். சட்டப்படி அவர் பேசவேண்டும், பேசினார். மார்க்கெட்டில் தக்காளி விற்கிற விலை, ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டில் லாரிகள் போகிற அழகு, தொழிற்சாலையில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை. பேச்சு கொஞ்சம் தேய்ந்தால் “அப்புறம்?” என்று நான் எடுத்துக்கொடுப்பேன். அவர் சொன்ன சங்கதிகளில் பாதிகூட என் மனதில் நிற்கவில்லை. வாக்கியம் முழுசாக முடிகிறதா, நடுவில் மூச்சு இழுக்கிறாரா, அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாதங்கள் இப்படியே போயின.

தசரா லீவில் ஒரு சாயங்காலம். ஊரே அரண்மனை விளக்கு பார்க்கப் போயிருந்தது. தொழிற்சாலை கேன்டீனில் வடையைவிட வடையின் ஓட்டை பெரிதாகிக்கொண்டு போகிற கதையைச் சொல்லிக்கொண்டே ஆடிக்கொண்டிருந்தார். அந்தக் கேன்டீன்காரன் என்ன சொல்றான்னா என்று ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திவிட்டார். “அப்புறம்?” என்றேன். பதில் இல்லை. இன்னும் ஒரு தடவை கேட்டேன். பதில் இல்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கையைப் பிடித்து இழுத்து சோபாவில் உட்காரவைத்து, நெஞ்சில் கையை வைத்தேன்.

“ஏனுங்க, என்ன பண்ணுது? வலிக்குதா?”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல புள்ள. பாட்டக் கேட்டுட்டு இருந்தேன். நடுவுல ஒரு வயலின் வருது பாரு. இத்தன நாளா என்னயப் பேச வெச்சே அதக் கேக்க விடாமப் பண்ணிட்ட. நீ கேட்டிருக்கயா?”

நான் கேட்டதில்லை. அந்தப் பாட்டுக்காகக் கடைக்குள் எத்தனை நடை நடந்தேன், அதற்கு எத்தனை நாள் ஆடினேன். அதில் வயலின் இருப்பதே எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்துபோய் கேசட்டைப் பின்னால் ஓட்டினார். வந்து கையை நீட்டினார். இந்தத் தடவை பேசமாட்டேன், நீயும் அப்புறம் அப்புறம் என்று உயிரை வாங்காதே என்றார்.

பாட்டு ஆரம்பித்தது. என் காது பழக்கத்தில் அவர் மூச்சின் பக்கமே போனது. அதை வலுக்கட்டாயமாகப் பாட்டின் பக்கம் திருப்பினேன். ஒரு வார்த்தை இல்லாமல் பாதிப் பாட்டு ஆடினோம். அப்புறம் வயலின் வந்தது. நன்றாகத்தான் இருந்தது.